‘ஹெம்ப்’ பயிரிடலாமா? மலேசியச் சட்டம் சொல்வது என்ன?

“ஹெம்ப் போதை தராத செடி. அமெரிக்காவில் ஏக்கர் கணக்கில் பயிரிடுகிறார்கள், தாய்லாந்திலும் பயிரிடுகிறார்கள். நாம் ஏன் பயிரிடக்கூடாது?” இப்படிக் கேட்கும் காணொளிகளுக்கு இணையத்தில் குறைவில்லை. வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் நிலம் சும்மா கிடக்கும் ஒருவருக்கு இது ஆசை காட்டும் பேச்சு. ஆனால், அதை நம்பி விதை போட்டால் நிலைமை விபரீதமாகிவிடும்.

ஹெம்ப்பும் கஞ்சாவும் ஒரே தாவர இனம்தான். தாவரவியலில் இதன் பெயர் கன்னாபிஸ் சட்டைவா. நார், துணி, காகிதம், விதை எண்ணெய் ஆகியவற்றுக்காக வளர்க்கப்படும் வகையில், போதை தரும் டிஎச்சி என்ற வேதிப்பொருள் மிகக் குறைவாக இருக்கும். அமெரிக்கா 2018ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தில், உலர்ந்த எடையில் டிஎச்சி 0.3 விழுக்காட்டுக்கு மேல் போகாத செடியை ஹெம்ப் என்று தனியாகப் பிரித்தது. தாய்லாந்து 2022 ஜூன் 9ஆம் தேதி கஞ்சாச் செடியைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது.

மலேசியாவில் அப்படி ஒரு கோடு போடப்படவில்லை. 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின்படி, கன்னாபிஸ் இனச் செடியின் எந்தப் பாகத்திலும் பிசின் காணப்பட்டால், அது எவ்வளவு குறைவாக இருந்தாலும், அச்செடி எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாலும், அது கஞ்சாதான். “இது ஹெம்ப், டிஎச்சி குறைவு” என்ற வாதம் இங்கே கைகொடுக்காது.

அச்சட்டத்தின் 6பி பிரிவு கஞ்சாச் செடி பயிரிடுவதைத் தடை செய்கிறது. குற்றம் நிரூபிக்கப்பட்டால் ஆயுள் தண்டனையும் குறைந்தது 6 பிரம்படியும் விதிக்கப்படும். பயிரிட்டவர் மட்டுமல்ல, தம் நிலத்தை அதற்குப் பயன்படுத்த அனுமதித்தவரும் இப்பிரிவில் சிக்குவார். ‘நிலத்தைக் குத்தகைக்குத்தானே விட்டேன்’ என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மருத்துவப் பயன்பாடு பற்றிய பேச்சும் சிலரைக் குழப்புகிறது. கஞ்சா கலந்த மருந்துகளைச் சட்ட விதிகளுக்கு உட்பட்டு, பதிவு செய்து இறக்குமதி செய்ய இடமுண்டு என்று 2021 நவம்பரில் அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் தெரிவித்தார். அது மருந்து பற்றிய விளக்கம். பொதுமக்கள் செடி வளர்ப்பதற்கான அனுமதி அல்ல.

இன்னொரு குழப்பம் சொல்லில் இருக்கிறது. ஹெம்ப் என்பதைத் தமிழில் ‘சணல்’ என்று எழுதிவிடுகிறார்கள். சாக்குப் பை செய்யும் சணல் வேறு செடி. மண்ணுக்கு உரமாக உழுதுவிடும் சணப்பையும் வேறு. கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் புகையிலைக்கு மாற்றாக அரசாங்கம் ஊக்குவித்த கெனாஃப், செம்பருத்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் இலை கஞ்சா இலையைப் போலவே தோன்றும்; ஆனால் அதைப் பயிரிடுவது குற்றமல்ல.

எனவே, நார்ப்பயிர் என்று யாராவது விதையோ ஒப்பந்தமோ நீட்டினால், முதலில் தாவரவியல் பெயரைக் கேளுங்கள். அது ‘கன்னாபிஸ்’ என்று தொடங்கினால் ஒதுங்கிவிடுவதே நல்லது. சந்தேகம் இருந்தால் மாவட்ட விவசாய அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறலாம். விதை மண்ணில் விழுந்த பிறகு, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லி எளிதில் தப்ப முடியாது.