சொட்டும் இடம் வேறு, ஊற்று வேறு

ஓர் அம்பாசடர் காரின் அடியில் ஆயில் சொட்டினால் எல்லோரும் முதலில் கேஸ்கட்டைத்தான் குற்றம் சொல்கிறார்கள். என் வாதம், பெரும்பாலும் தவறு அதனுடையது அல்ல என்பதே. அதை அழுத்திப் பிடிக்க வேண்டிய பரப்பையும், உள்ளேயிருந்து தள்ளும் காற்றையும் முதலில் பார்க்க வேண்டும். இதற்கான சான்று ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளில் பதனிடப்படும் தோலிலேயே இருக்கிறது. ரப்பருக்கு முன்பு சீல் என்றால் தோல்தான். 1795-இல் ஜோசப் பிராமா காப்புரிமை பெற்ற நீரழுத்தப் பிரஸ் உருப்படியாக வேலை செய்யக் காரணம், பிஸ்டனைச் சுற்றிய குழிந்த தோல் வளையம். அழுத்தம் ஏற ஏற அதன் விளிம்பு விரிந்து உலோகத்தை இன்னும் இறுகக் கவ்வும். இன்றைய ஆயில் சீலின் உதடும் அதே வழியைத்தான் பின்பற்றுகிறது. அடிபம்பில் தோல் வாஷர் காய்ந்தால் தண்ணீர் ஏறாது; ஒரு சொம்பு ஊற்றி ஊறவிட்டால் ஏறும். மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற காரில் கார்க் கேஸ்கட் சுருங்கிக் கசிவதும் இதே கதைதான்.

அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் பிரிட்டனின் பி-சீரிஸ் வழிவந்தது. அதன் பக்கவாட்டில் இரண்டு டேப்பட் கவர்கள் உண்டு. மெல்லிய தகடு, உள்ளே கார்க் கேஸ்கட், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரே ஒரு போல்ட். கசிகிறதே என்று அதை இன்னொரு சுற்று முறுக்கினால் தகட்டின் நடுப்பகுதி குழிந்து ஓரங்கள் தூக்கிக்கொள்ளும், கசிவு கூடும். கவரைக் கழற்றி ஒரு கண்ணாடிப் பலகையில் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தால் எத்தனை புதுக் கார்க் போட்டாலும் வீண். மரக்கட்டை மீது வைத்து மெல்லத் தட்டி ஓரத்தைச் சமன் செய்து, பழைய கார்க்கைச் சுரண்டித் துடைத்து, கார்க் சற்றே அமுங்கும் அளவுக்கு மட்டும் முறுக்கினால் போதும்.

சிலிக்கான் பசையை அப்பினால் முடிந்தது என்பார்கள். சில நாள் நிற்கும்தான். ஆனால் உள்பக்கம் பிதுங்கிய பசை பிய்ந்து ஆயில் ஸ்டிரெய்னரை அடைத்தால், ஒரு சொட்டைத் தடுக்கப்போய் பேரிங்கையே இழப்போம். இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் உரசும் சீலே கிடையாது, வெறும் திருகுப் பள்ளம்தான், அது கசியத்தானே செய்யும்? பாதி உண்மை. ஷாஃப்ட் சுழலும்போது அந்தப் பள்ளம் ஆயிலை உள்ளேயே திருப்பி ஓட்டுகிறது. எதிரே காற்று தள்ளாதவரை அதனால் சமாளிக்க முடியும். பிஸ்டன் ரிங் தாண்டி வரும் புகைக்கு வழிவிடும் பிரீதர் குழாய் கரியால் அடைத்துவிட்டால், அந்த அழுத்தம் வெளியேற வேறு வழியின்றி ஆயிலையும் இழுத்துக்கொண்டு பின்பக்கம் கிளம்பும். தேய்ந்த ரிங்கும் இதையே செய்யும். அதற்குப் பிரீதரைச் சுத்தம் செய்வது மருந்தாகாது. ஆனாலும் கியர்பாக்ஸை இறக்கும் முன் அந்தக் குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி மாட்டி, எஞ்சினைத் துடைத்து, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, இரவு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள்.