பெற்றோல் ஓட்டோ மின்சார ஓட்டோவாக

1990களில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது இலங்கையின் வடக்கில் பழைய ஒஸ்டின், மொரிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கார்பரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை இயக்கிவிட்டால், மிச்ச ஓட்டம் மண்ணெண்ணெயில்தான்.

2022இல் மறுபடியும் எரிபொருள் தட்டுப்பாடு. எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை தொடங்கியபோது முச்சக்கரவண்டிக்குக் கிழமைக்கு 5 லீற்றர்தான். இந்தமுறை மாற்றுவழி மின்சாரம். பெற்றோல் ஓட்டோக்களை மாற்றியமைக்கும் முன்னோடித் திட்டத்துக்கு ஐ.நா. அபிவிருத்தித் திட்டம் கைகொடுத்தது.

இயந்திரம், பெற்றோல் தாங்கி, சைலன்சர் கழற்றப்படும். மோட்டர், அதன் வேகத்தை ஆளும் கட்டுப்படுத்தி, லிதியம் பற்றரித் தொகுதி ஆகியவை பூட்டப்படும். வீட்டில் தனியாகச் செய்துபார்க்க வேண்டாம். பற்றரியின் இரு முனைகளும் தவறிச் சேர்ந்தால் தீப்பிடிக்கும். பதிவுப் புத்தகத்திலும் எரிபொருள் வகையை மாற்றவேண்டும். அதற்கு மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி தேவை.

ஓட்டோவுக்கு ஏற்றும் மின்சாரத்தில் ஒரு பங்கு காற்றிலிருந்தும் வருகிறது. மன்னார்த் தீவின் தம்பபவனி காற்றாலையில் 30 சுழலிகள். மொத்தக் கொள்ளளவு 103.5 மெகாவாற். சோளகக் காற்று வீசும் மாதங்களில் அவற்றுக்கு நல்ல விளைச்சல். அந்த மின்சாரம் தேசிய வலையமைப்பில் கலக்கிறது.

மின்சார ஓட்டோ வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு: மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை மின்தேவை உச்சத்தில் இருக்கும். அதன்பிறகு பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுங்கள்.