எல்லைக் கல் – 14: சட்டத்தில் கரைந்த உப்பு

கொச்சியை ஒட்டிய மரடுவில் நான்கு அடுக்ககங்களை 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்த்ததுவரை போன வாரம் சொல்லியாயிற்று. அங்கே வீடு வாங்கியவர்களுக்கு யார் இழப்பீடு கொடுத்தார்கள், யார் கொடுத்திருக்க வேண்டும் என்பதுதான் இந்த வாரத்துக்குரிய விஷயம். அதற்காகக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை மறுபடி எடுத்து வாசித்தபோது ஒரு வரி என்னைப் பிடித்துக்கொண்டது. ஆகவே இழப்பீட்டுக்கு முன்னால் உப்பைப் பற்றிக் கொஞ்சம்.

கடற்கரையில் கணக்கு எளிது. உயர் ஓதக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 500 மீட்டர். பிரதமர் இந்திரா காந்தி 1981 நவம்பரில் கடலோர மாநில முதல்வர்களுக்கு எழுதிய கடிதத்தில் இருந்த அளவு அது. பத்தாண்டுகள் கழித்து, 1991 பிப்ரவரி 19 அன்று, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கையானது. ஆனால் கடல் கரையோடு நிற்பதில்லையே. முகத்துவாரம் வழியாக ஆற்றுக்குள் புகுகிறது, கழியில் ஏறுகிறது, காயலில் பரவுகிறது, பல கிலோமீட்டர் உள்ளே போய்த் திரும்புகிறது. அந்தக் கரைகளில் சட்டம் எதுவரை செல்லும்?

ஆண்டின் மிக வறண்ட காலத்தில், தண்ணீரில் ஆயிரத்துக்கு ஐந்து பங்கு உப்பு எதுவரை இருக்கிறதோ, அதுவரை. 2011 அறிவிக்கையிலும் இப்படித்தான், 2019 அறிவிக்கையிலும் இப்படித்தான். லிட்டருக்கு ஐந்து கிராம். ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. திறந்த கடலில் இது 35 கிராம் அளவில் இருக்கும்.

நிலத் திட்டமிடல் சட்டங்களில் இதைப்போல வேறொரு எல்லையை நான் பார்த்ததில்லை. சாலை அகலம், மனையின் பரப்பு, மாடிகளின் எண்ணிக்கை, பக்கவாட்டில் விடும் காலியிடம் என எல்லாவற்றையும் நாடாவால் அளந்துவிடலாம். இந்த ஒன்றுக்கு மட்டும் படகில் போய்த் தண்ணீர் மொள்ள வேண்டும். அதற்கும் காலம் உண்டு. ஜூன், ஜூலையில் மொண்டால் மழை வெள்ளம் உப்பை முகத்துவாரத்துக்கே தள்ளியிருக்கும். காயலே கிட்டத்தட்ட நல்ல தண்ணீராக இருக்கும். ஆகவேதான் 'மிக வறண்ட காலம்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆழமும் முக்கியம். உப்புநீர் கனமானது, நல்ல தண்ணீருக்கு அடியில் படுத்தபடியே உள்ளே ஏறும். மேற்பரப்பில் மொண்ட குவளை ஒரு கதை சொல்லும், அடியில் மொண்டது வேறொன்று சொல்லும்.

இந்த உப்பின் வரவு செலவை எர்ணாகுளம் மாவட்டத்துப் பொக்காளி நெல் விவசாயிகள் எந்த அறிவிக்கைக்கும் முன்பே அறிந்திருந்தார்கள். மண்ணைச் சிறு மேடுகளாகக் கூட்டி, ஜூன் மழை அதிலுள்ள உப்பைக் கழுவும்வரை காத்திருந்து அதன்மேல் விதைப்பார்கள். அறுவடையின்போது கதிர்த் தலையை மட்டும் அறுத்துக்கொண்டு தாளைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். நவம்பரில் உப்பு திரும்பி வரும், அதோடு இறால் குஞ்சுகளும் வரும். அழுகும் தாள் அவற்றுக்குத் தீனியாகும். ஆறு மாதம் நெல், ஆறு மாதம் இறால். உரம் இல்லை, பூச்சிமருந்து இல்லை. உப்பு எந்த மாதம் எங்கே நிற்கும் என்பது இவர்களுக்கு வயிற்றுப்பாடு.

இதற்கு நேர்மாறான கதையும் வேம்பநாட்டுக் காயலில் உண்டு. கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் குட்டநாட்டு வயல்களுக்குள் கோடையில் உப்பு ஏறக்கூடாது என்று 1970களில் தண்ணீர்முக்கத்தில் காயலுக்குக் குறுக்கே தடுப்பணை கட்டி மதகு வைத்தார்கள். மதகை மூடினால் நெல்லுக்கு நல்லது. இறாலும் கறுப்புச் சிப்பியும் நம்பிப் பிழைப்பவர்களுக்கு அது திறந்திருக்க வேண்டும். எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்பதில் விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் இழுபறி இன்னும் ஓயவில்லை. 2019 அறிவிக்கை இங்கே ஒரு முடிச்சைப் போடுகிறது: 1991 பிப்ரவரி 19க்கு முன் கட்டிய அணையோ மதகோ இருந்தால் உயர் ஓதக் கோடு அதோடு நின்றுவிடும். நெல்லைக் காக்க வைத்த மதகு, கடலோரச் சட்டத்துக்கும் எல்லைக் கல்லாகிவிட்டது.

உப்பு எதுவரை போகிறது என்று தெரிந்தபிறகு, கரையிலிருந்து எத்தனை மீட்டர் விட வேண்டும் என்ற கேள்வி. இதில் நடந்தது எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது. 1991 அறிவிக்கை ஆறு, கழி, காயல் கரைகளில் குறைந்தது 100 மீட்டர் என்றது. 1994இல் மத்திய அரசு அதை 50 மீட்டராகக் குறைத்தது. 1996 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. கடலோர மாநிலங்கள் எல்லாம் மேலாண்மைத் திட்டங்களைத் தயாரிக்க வேண்டும் என்று கண்டித்துச் சொன்னதும் அதே தீர்ப்பில்தான். 2011இல் 100 மீட்டர், அல்லது கழியின் அகலம், இரண்டில் எது குறைவோ அது. 2019 ஜனவரியில் அந்த நூறு ஐம்பதாகிவிட்டது. நீதிமன்றம் தள்ளிய அளவு இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்துப் புதிய அறிவிக்கைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த நான்காவது மாதம், 2019 மே 8 அன்று, மரடு கட்டடங்களை இடிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

மரடுவில் கோடு எங்கே தவறியது? 2006இல் அது கிராம ஊராட்சி. கேரள அரசின் 1996 கடலோர மேலாண்மைத் திட்டப்படி அந்த இடங்கள் மூன்றாம் வகை மண்டலம்; காயல் கரையை ஒட்டிப் புதுக் கட்டடம் எழுப்பக் கூடாது. மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் இசைவைக் கேட்காமலே ஊராட்சி கட்டட அனுமதி கொடுத்தது. பிறகு மரடு நகராட்சியாயிற்று, இப்போது வகை மாறிவிட்டது என்று கட்டுநர்கள் வாதாடிப் பார்த்தார்கள். அனுமதி கொடுத்த நாளில் எந்தத் திட்டம் செல்லுபடியாக இருந்ததோ அதுதான் கணக்கு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊராட்சியின் முன்னாள் செயலாளர் உள்ளிட்டோர் 2019 அக்டோபரில் கைதானதெல்லாம் பிறகு நடந்தவை.

என் ஆதங்கம் அந்த அனுமதி மேசையைப் பற்றியது. அங்கே இருப்பவர் வரைபடத்தை விரித்துச் சாலை அகலம் பார்க்கிறார், தளப்பரப்பு பார்க்கிறார். கடலோர வரைபடம் வேறு சட்டம், வேறு துறை, வேறு அலமாரி. தமிழ்நாட்டிலும் திட்ட அனுமதி 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் ஓர் அலுவலகத்தில். கடலோர இசைவு இன்னொன்றில். உப்பை அளந்தவர் எழுதிய எண் சர்வே எண்ணுக்குப் பக்கத்தில் ஏறாதவரை, அந்த மேசைக்கு அது இல்லாத எண்தான்.

நம் கரையில் சிக்கல் இன்னும் கூடுதல். நமக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில். கோடையில் அடையாறு, முட்டுக்காடு முகத்துவாரங்களை மணல் அடைத்துக்கொள்ளும். ஓதம் உள்ளே வராத நாளில் மொண்ட தண்ணீர் எதைக் காட்டும்? எந்தத் தேதியில், எந்த இடத்தில், எந்த ஆழத்தில் அளந்தார்கள் என்பதை வரைபடத்தோடு சேர்த்து வெளியிட வேண்டும். கோடு போடும் வேலையைச் செய்யும் தேசிய நீடித்த கடலோர மேலாண்மை மையம் அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கிறது. கேட்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

இடம் தீர்ந்துவிட்டது. உச்ச நீதிமன்றம் மரடு குடியிருப்பாளர்களுக்கு இடைக்கால இழப்பீடாக அறிவித்த 25 லட்சம் ரூபாயும், அந்தப் பணம் யாருடைய பையிலிருந்து வர வேண்டும் என்ற வழக்கும் அடுத்த வாரம். பள்ளிக்கரணை பற்றிக் கேட்டு எழுதியிருப்பவர்கள் அதற்கும் அடுத்த வாரம்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எண்ணூரிலோ கோவளத்திலோ கழிக்கரையில் மனை பார்த்திருக்கிறீர்கள் என்றால், மூலப்பத்திரமும் பட்டாவும் வில்லங்கச் சான்றும் போதாது. முன்பணம் கொடுக்கும் முன், உங்கள் சர்வே எண் கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் எந்த மண்டலத்தில் விழுகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வில்லங்கச் சான்று அடமானத்தைக் காட்டும், உப்பைக் காட்டாது.