சந்து மூடிவிடும், ஈறு அடங்க நாளாகும்

முன்பல் சந்தை மூடக் கம்பி போட்டவர்கள், சந்து மூடிய மாதத்தில் கண்ணாடியைப் பார்த்துக் கலங்குவதுண்டு. பற்கள் சேர்ந்திருக்கும்; நடுவிலுள்ள ஈறு மட்டும் சிவந்து தடித்துப் பிதுங்கி நிற்கும். பெரும்பாலும் இது எதிர்பார்க்க வேண்டிய மாற்றம்தான். பல்லுக்கு ஒரு வேகம், ஈறுக்கு வேறொரு வேகம்.

கம்பி இழுக்கும்போது, பல் போகும் பக்கத்து எலும்பைச் செல்கள் கரைத்து வழிவிடுகின்றன. விட்டு வந்த பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. பல் நகர்வது மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். எலும்பைப்போல் ஈறு கரைந்து வழிவிடுவதில்லை. இரு பற்களுக்கும் நடுவே இருந்த சதை நெருக்கப்பட்டு, உதட்டுப் பக்கமும் அண்ணப் பக்கமும் மடிந்து புடைக்கிறது. அந்த மடிப்பில் பிரஷ் படாமல் அழுக்கு தங்கினால் வீக்கம் கூடும். ஒழுங்காகத் துலக்கினாலே அது கணிசமாக வடியும்.

பல்லின் மறுபக்கத்தில், அது விலகி வந்த இடத்தில், சிவப்பாக ஒரு முக்கோணத் திட்டு தெரியலாம். பல்லை ஒட்டி உள்ளே மறைந்திருந்த ஈறின் மெல்லிய உட்தோல் வெளியே புரள்வதால் வரும் நிறம் அது. பல் மருத்துவர்கள் இதை ஆதர்டன் திட்டு என்பார்கள். நாளடைவில் அந்தத் தோல் தடித்து, சுற்றியுள்ள ஈறின் நிறத்துக்கு வந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத மாற்றம் இன்னும் மெதுவானது. ஈறுக்குள் பல்லையும் பல்லையும், பல்லையும் ஈறையும் பிணைக்கும் நார்கள் உள்ளன. நார்வே ஆய்வாளர் ரைட்டன், நாய்களின் பற்களைத் திருப்பிவைத்து ஆராய்ந்தார். 232 நாட்களுக்குப் பிறகும் எலும்புக்கு மேலுள்ள நார்கள் இழுபட்ட நிலையிலேயே இருந்ததை 1959இல் எழுதினார். இழுத்துக் கட்டிய ரப்பரைப்போல் அவை பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கப் பார்க்கும். பல்லின் வேரை எலும்போடு பிணைக்கும் நார்கள் 3, 4 மாதங்களில் சீராகிவிடும். ஈறின் நார்கள் சில ஓராண்டு தாண்டியும் அடங்காது. கம்பி கழற்றிய பிறகு பல்லின் உட்புறம் மெல்லிய கம்பி ஒட்டுவதும், கழற்றி மாட்டும் ரிட்டெய்னர் கொடுப்பதும் இதற்காகத்தான். பல் திரும்பும் அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு, மரத்துப்போக ஊசி போட்டு அந்த நார்களை மட்டும் வெட்டிவிடும் முறையைப் பல் மருத்துவர் எட்வர்ட்ஸ் 1970இல் விளக்கினார். மேலுதட்டிலிருந்து ஈறுக்கு இறங்கும் சவ்வு தடித்திருந்தால் அதையும் நீக்குவார்கள். பெரும்பாலும் சந்து மூடிய பிறகே அதைச் செய்வார்கள். முன்னரே வெட்டினால் தழும்பு இறுகிப் பற்கள் சேர்வதைத் தடுக்கலாம்.

சிலருக்கு ஈறு பிதுங்குவதற்குப் பதிலாகப் போதாமல் போகும். பற்கள் தொடும் இடத்துக்கு மேலே கறுப்பாக ஒரு முக்கோண ஓட்டை தெரியும். பற்கள் தொடும் புள்ளியிலிருந்து எலும்பு விளிம்பு வரை 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஈறு ஏறக்குறைய எப்போதும் இடத்தை நிரப்பிவிடுகிறது. 6 மில்லிமீட்டரானால் 56 விழுக்காட்டு இடங்களில், 7 ஆனால் 27 விழுக்காட்டு இடங்களில்தான் நிரப்புகிறது என்று பல் ஆய்வாளர் டார்னோவும் குழுவினரும் 1992இல் அளந்து காட்டினார்கள். ஈறு நோயால் எலும்பு தேய்ந்த பெரியவர்களுக்கு இந்த ஓட்டை வர வாய்ப்பு அதிகம். அவர்கள் முதலில் ஈறுக்கு வைத்தியம் பார்த்துவிட்டுத்தான் கம்பிக்குப் போக வேண்டும்.

மலேசியாவின் பேராக் மாநில மக்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1877இல் கோலகங்சாரில் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோவின் தோட்டத்தில் ரப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்டன. பிறகு ஈப்போவைச் சுற்றிய தோட்டங்களில் நம் முன்னோர் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டினார்கள். பல் கம்பியில் மாட்டும் சிறு வளையங்களும் பல இடங்களில் அந்த ரப்பர்ப் பாலில்தான் செய்யப்படுகின்றன. மருத்துவர் கையில் அது நல்ல கருவி. அதையே வீட்டில் இரண்டு முன்பல்லுக்கும் சேர்த்து மாட்டினால், பேராபத்து. பல் வேர்ப்பக்கம் ஒடுங்கிப் போவதால் வளையம் மெல்ல வழுக்கி ஈறுக்குள் ஏறி மறைந்துவிடும். எக்ஸ்ரேயிலும் தெரியாது. உள்ளே நாரையும் எலும்பையும் அரித்து, கடைசியில் ஒரு குறையுமில்லாத பற்களே ஆடி விழுந்துவிடும். பதிவு பெறாதவர்கள் வீட்டிலும் ஹோட்டல் அறையிலும் மலிவாகப் போடும் போலிக் கம்பியையும் இதே காரணத்துக்காக நம்பக்கூடாது. ஈறைக் கவனிக்க அவர்களுக்குத் தெரியாது.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் அவசரப்படவும் வேண்டாம். 7 வயதிலிருந்து 12 வயதுவரை முன்பல்லில் சிறு சந்து இருப்பது இயல்பு. கோரைப்பல் முளைத்ததும் பலருக்குத் தானாக மூடிக்கொள்ளும். அப்போதும் மூடாவிட்டால் பதிவு பெற்ற மருத்துவரிடம் போகலாம். எத்தனை மாதத்தில் சந்து மூடும் என்று கேட்கும்போதே, மூடிய பிறகு ஈறை யார் பார்ப்பார்கள், ரிட்டெய்னர் எத்தனை ஆண்டு, அதன் செலவு எவ்வளவு என்றும் கேளுங்கள். இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்பவரிடம் பிள்ளையை நம்பி ஒப்படைக்கலாம்.