புதிய பதிப்பும் பழைய மாற்றங்களும்

மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் ஷெயார்பொயின்ற் மென்பொருளைத் தம் தேவைக்கேற்ப மாற்றியமைத்த அலுவலகங்கள் பல. புதிய பதிப்பு வருங்கால் அம்மாற்றங்கள் யாதாகும்?

2013ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், பழையதன் மீதே புதியதை ஏற்றும் வழி நீக்கப்பட்டது. தரவுத்தளத்தைப் படியெடுத்துப் புதிய வழங்கியில் இணைத்தலே முறையாயிற்று. ஆவணங்கள் அதனோடு வந்து சேரும். பழைய வழங்கியின் மூலக் கோப்புகளில் செய்த திருத்தங்களோ வாரா. தனிப் பொதியாக அமைத்தவற்றை மீள நிறுவலாம். சிலவற்றைத் திருத்தியெழுதவும் நேரும்.

ஆதலின், முதற்கண் மாற்றங்கள் அனைத்தையும் அட்டவணைப்படுத்துக, வேண்டாதன களைக. பின்னர், அம்மென்பொருளிலுள்ள சோதனைக் கட்டளையால் தரவுத்தளப் பிரதியை ஆராய்க. புதிய வழங்கியில் எவை குறைகின்றன என்பதை அது காட்டும். ஒத்திகை முடிந்த பின்னரே அலுவலகத்தை மாற்றுக. எழுதி வைக்காத மாற்றம், செய்தவர் விலகிய பின் எவருக்கும் விளங்காது.