காலரா யாரைச் சாய்க்கிறது?

2022 ஜூலைத் தொடக்கத்தில் காரைக்கால் ஆஸ்பத்திரிகளில் வாந்திபேதிக்காரர்கள் கூட்டம். சிலருக்குக் காலரா என்று சோதனையில் தெரிந்ததும், புதுச்சேரி அரசு பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்துப் பள்ளி, கல்லூரிகளை மூன்று நாள் மூடியது. குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்ததா என்பதே எங்கும் பேச்சு. பேசவேண்டியதுதான். ஆனால் ஒரே குழாயில் பிடித்த தண்ணீரை ஒரு வீட்டில் நாலு பேர் குடித்தாலும் நால்வரும் படுப்பதில்லை. காலராக் கிருமி உள்ளே போனவர்களில் பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகாது, அல்லது லேசான கழிச்சலோடு போய்விடும். சிலருக்குத்தான் கண் குழிந்து, நாடி விழுந்துவிடுகிறது. ஏன்?

முதல் காவல் வயிற்று அமிலம். அமெரிக்காவில் தன்னார்வலர்களுக்குக் கிருமியைக் கொடுத்துப் பார்த்தார்கள். சோடா உப்பால் அமிலத்தை முறித்துவிட்டால் பத்து லட்சம் கிருமியே போதுமாக இருந்தது. முறிக்காவிட்டால் அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு தேவைப்பட்டது. நெஞ்செரிச்சலுக்கு மருத்துவரைக் கேட்காமலே மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் நம் பழக்கம் இந்த இடத்தில் உறுத்துகிறது. சத்துக்குறைவான குழந்தைகளுக்கும் அமிலம் குறைவு.

அடுத்தது ரத்தப் பிரிவு. 'ஓ' பிரிவினருக்குக் காலரா அதிகமாகத் தொற்றுவதில்லை. தொற்றினால் கடுமையாக அடிக்கிறது. வங்கதேச ஆய்வுகளில் இது தெளிவாகத் தெரிந்தது. தமிழ்நாட்டில் 'ஓ' பிரிவினர்தான் அதிகம்.

மூன்றாவது, உடம்பின் பழைய நினைவு. 1992இல் சென்னையில் ஓ139 என்ற புது வகைக் காலரா தலைகாட்டி, மதுரை, வேலூர், கல்கத்தா என்று பரவியது. கிருமியின் மேலுறை மாறியிருந்ததால் பழைய காலரா தந்திருந்த எதிர்ப்பு அதனிடம் செல்லவில்லை. காலரா அடிக்கடி வரும் வங்கத்தில் வழக்கமாகச் சிறுபிள்ளைகளுக்கு வருவது, அப்போது பெரியவர்களைப் படுக்கவைத்தது.

இவற்றில் பெரும்பாலானவை நம் கையில் இல்லை. உயிர் போவதை முடிவு செய்வது பெரும்பாலும் நேரம். கிருமியின் நஞ்சு குடலை உப்போடு நீரைக் கொட்டவைக்கிறது; கடுமையாக வந்தால் மணிக்கு ஒரு லிட்டர்கூட வடிந்துவிடும். ஆனால் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து உள்ளே நுழையும் வழியை அந்த நஞ்சு அடைப்பதில்லை. அதை நம்பித்தான் 1971இல் மேற்கு வங்கத்தின் பங்கான் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்புச் சர்க்கரைக் கரைசலை வாயாலேயே புகட்டினார். முப்பது சதவீதமாக இருந்த சாவு நாலு சதவீதத்துக்கும் கீழே வந்தது.

அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் முந்திரிக் கொல்லைக்குள் வீடு கட்டியிருப்பவர்களுக்கு இந்த நேரக் கணக்கு இன்னும் கறாரானது. ராத்திரி பேதி தொடங்கி, "விடியட்டும், முதல் பஸ்ஸுக்குப் போவோம்" என்று காத்திருந்தால், அதற்குள் நாலைந்து லிட்டர் போய்விடலாம். கையில் ஓ.ஆர்.எஸ். என்னும் அந்த உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இருந்தால் வீட்டிலேயே தொடங்கிவிட்டு, ராத்திரியே கிளம்ப வேண்டும். வாந்தி எடுத்தாலும் பத்து நிமிஷம் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். 20.5 கிராம் பொட்டலம் முழுசும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு. ஒரே டம்ளரில் கொட்டிக் கலக்கினால் உப்பு மிஞ்சி, உடம்பிலிருந்து இன்னும் நீரைக் குடலுக்குள் இழுக்கும்.