நதியோரத்தில் வாசிக்க வேண்டிய கடன் கணக்கு

தொழில்துறைக் கூட்டங்கள் பெரும்பாலும் அரங்கத்தில் தொடங்கி அரங்கத்திலேயே நிறைவுபெறும். நீர்மின் துறையினர் மண்டல அளவில் கூடும் கூட்டங்களின் இயல்பு வேறு. உரைகளும் கட்டுரை வாசிப்பும் முடிந்த பின்னர், பங்கேற்பாளர்கள் பேருந்துகளில் ஏறி அணையையும் சுரங்கத்தையும் மின்நிலையத்தையும் நேரில் காணச் செல்வது அங்கு வழக்கம். இதனை மலைப்பிரதேச உலா என்று எண்ணுவோரும் உளர். ஆனால் கடன் வழங்கும் நிறுவனங்களின் நோக்கில், கூட்டத்தின் பயன்மிகு பகுதி அந்தக் களப்பயணமே ஆகும்.

இதில் வங்கியின் வாடிக்கையாளருக்கு என்ன அக்கறை என்ற வினா எழலாம். தாங்கள் ஓராண்டுக்கோ ஐந்தாண்டுக்கோ வைக்கும் வைப்புத்தொகைகளின் ஒரு பகுதி, இத்தகைய நீண்டகாலத் திட்டங்களுக்குக் கடனாகச் செல்கிறது. அந்தப் பணம் எங்கே தங்கியிருக்கிறது, எவற்றால் பெருகுகிறது, எவற்றால் இடர்ப்படுகிறது என்பதை அறிந்திருப்பது பொருளியல் விழிப்புணர்வின் ஓர் அங்கமன்றோ?

முன்பே கொட்டும் முதலீடு

அனல்மின் நிலையத்தில் செலவின் பெரும்பகுதி நிலக்கரிக்கானது. மின்சாரம் விற்பனையாகும் காலத்திலேயே அச்செலவும் நிகழும். நீர்மின் நிலையத்திற்கு எரிபொருட்செலவு இல்லை. மாறாக, அணைக்கும் சுரங்கத்திற்கும் இயந்திரங்களுக்கும் உரிய பணம் முழுவதையும் முதல் யூனிட் மின்சாரம் பிறப்பதற்கு முன்பே செலவிட்டாக வேண்டும். மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் நெறிமுறைப்படி, திட்டச் செலவில் 70 விழுக்காடு கடன், 30 விழுக்காடு பங்கு முதல் என்ற விகிதம் பொதுவாகப் பின்பற்றப்படுகிறது. ஆகவே இத்துறையில் காலதாமதம் என்பது நேரடியாக வட்டிச் சுமையாகும்.

எளியதொரு கணக்கைப் பார்ப்போம். 100 கோடி ரூபாயை 10 விழுக்காடு கூட்டு வட்டிக்குப் பெற்று, பணி எட்டாண்டுகள் முடங்கிவிட்டதாகக் கொள்வோம். எட்டாண்டின் முடிவில் அக்கடன் ஏறத்தாழ 214 கோடியாகியிருக்கும். கூடுதலான அந்த 114 கோடியால் அணையின் உயரம் ஓர் அங்குலமும் கூடியிராது.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. அருணாசலப் பிரதேசம், அசாம் எல்லைப் பகுதியில் 2,000 மெகாவாட் திறனுடன் திட்டமிடப்பட்ட சுபன்சிரி கீழ்நிலைத் திட்டத்தின் பணிகள், 2011 டிசம்பர் முதல் 2019 அக்டோபர் வரை நின்றுபோயின. அணையின் பாதுகாப்பைக் குறித்தும் நதியின் கீழ்ப்பகுதியில் நேரக்கூடிய விளைவுகளைக் குறித்தும் அசாம் மக்களிடையே எழுந்த அச்சமும் எதிர்ப்புமே அதற்குக் காரணம். தொடக்கத்தில் ஏறத்தாழ 6,285 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்ட அத்திட்டத்தின் செலவு, பின்னர் 20,000 கோடியைக் கடந்துவிட்டது.

நீரோட்டத்திற்கு எதிராக ஒரு பயணம்

களப்பயணத்தில் காணத்தக்கவை எவை என்பதை விளக்க, இமாசலப் பிரதேசத்தின் சட்லெஜ் பள்ளத்தாக்கைவிடப் பொருத்தமான இடம் அரிது. சிம்லாவிலிருந்து ஐந்தாம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நார்கண்டாவைக் கடந்து இறங்கினால், சட்லெஜ் நதி துணைவரத் தொடங்கும். அங்கிருந்து நாம் நதியை எதிர்த்து மேலே செல்கிறோம். எனவே மின்நிலையங்களைக் கீழிருந்து மேலாகவே காண்போம்.

முதலில் வருவது 412 மெகாவாட் திறனுடைய ராம்பூர் நீர்மின் நிலையம். இதற்கெனத் தனி அணை இல்லை என்பது பலருக்கு வியப்பளிக்கும். மேலேயுள்ள ஜாக்ரி மின்நிலையத்தில் டர்பைன்களைச் சுழற்றிவிட்டு வெளியேறும் நீரே, நதியில் கலக்குமுன் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளமுள்ள மற்றொரு சுரங்கத்தின் வழியே இங்கு வந்து மீண்டும் மின்சாரம் தருகிறது. அணைச் செலவு மிச்சம். ஆயினும், மேல்நிலையம் நின்றால் கீழ்நிலையமும் நிற்கும். கடன் ஆய்வாளரின் மொழியில் கூறுவதாயின், ஈரிடங்களில் முதலீடு; இடரோ ஒன்றே. வரைபடத்தில் இரண்டு பெயர்களாகத் தோன்றுபவை, நேரில் காணும்போது ஒரே நீரின் இரு படிகள் என்பது விளங்கும்.

அடுத்தது ஜாக்ரியில் பூமிக்கடியில் அமைந்த மின்நிலையம். தலா 250 மெகாவாட் திறனுடைய ஆறு இயந்திரங்களைக் கொண்டு, மொத்தம் 1,500 மெகாவாட் திறனுடன் விளங்கும் நாத்பா ஜாக்ரி திட்டத்தின் இதயம் இதுவே. மத்திய அரசும் இமாசல அரசும் கூட்டாகத் தொடங்கிய எஸ்.ஜே.வி.என். நிறுவனம் இதனை நிறுவியது. உலக வங்கியின் கடனும் இதில் பங்குபெற்றது. 2003, 2004 ஆம் ஆண்டுகளில் இதன் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக இயங்கத் தொடங்கின. இங்கிருந்து 27 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளமுள்ள சுரங்கம், மேலே நாத்பாவிலுள்ள அணையுடன் இணைகிறது.

நாத்பா அணையின் உயரம் 60 மீட்டரைச் சற்றே கடந்தது. 225 மீட்டர் உயர்ந்து நிற்கும் பக்ரா அணையோடு ஒப்பிட்டால் சிறியது. பக்ராவைப் போல மாபெரும் நீர்த்தேக்கம் இங்கில்லை. வருகின்ற நீரைத் திருப்பிவிடுவதே இவ்வணையின் பணி. அந்த நீரோடு வரும் மணலிலும் வண்டலிலும்தான் இத்திட்டத்தின் வருவாய்க் கணக்கு அடங்கியுள்ளது.

வண்டலும் வருவாயும்

இமயத்து ஆறுகள் சுமந்துவரும் வண்டலில் குவார்ட்ஸ் என்னும் கடினமான துகள்கள் மிகுதி. வேகமாகப் பாயும் நீரில் இவை உப்புத்தாள்போல் டர்பைனின் எஃகு இதழ்களை அரித்துவிடும். இதனைத் தடுக்கவே நாத்பாவில் மலையைக் குடைந்து, ஒவ்வொன்றும் 525 மீட்டர் நீளமுள்ள நான்கு வண்டல் நீக்கும் அறைகளை அமைத்துள்ளனர். உலகின் மிகப்பெரிய நிலத்தடி வண்டல் நீக்கும் அமைப்புகளுள் இதுவும் ஒன்று. இருந்தும் நுண்துகள்கள் தப்பி வருகின்றன. அதனால் டர்பைன் பாகங்களுக்கு டங்ஸ்டன் கார்பைடு பூச்சும் தேவைப்படுகிறது. பத்து லட்சம் பங்கு நீரில் வண்டல் 5,000 பங்கைத் தாண்டினால், இயந்திரங்களைக் காக்கும்பொருட்டு மின்நிலையத்தையே நிறுத்திவிடுவர்.

1,500 மெகாவாட் நிலையம் முழுத்திறனுடன் ஒருநாள் ஓடினால் 3 கோடியே 60 லட்சம் யூனிட் கிடைக்கும். யூனிட்டுக்கு 2 ரூபாய் 50 காசு என்று கணக்கிற்காக வைத்துக்கொண்டால், ஒருநாள் நிறுத்தம் 9 கோடி ரூபாய் மதிப்புள்ள மின்சாரத்தின் இழப்பாகும். இதில் உற்று நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. பனி உருகியும் மழை பொழிந்தும் நதி நிறைந்தோடும் கோடை, மழைக் காலங்களில்தான் வண்டலும் உச்சத்தை எட்டும். வருவாய்ப் பருவமும் இடர்ப்பருவமும் ஒன்றேயாகும். எனவே கடன் தவணைகளை மாதந்தோறும் ஒரே சீராக வகுக்காமல், நதியின் நாட்காட்டியை ஒட்டி வகுப்பதே அறிவுடைமை.

இக்காரணம் பற்றியே, அனுபவமுள்ள ஆய்வாளர் மின்நிலையத்தில் ஒளிரும் திரைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதில்லை. மாற்று டர்பைன் சக்கரம் கிடங்கில் இருப்பு உள்ளதா, சென்ற பருவத்தில் எத்தனை நாள் நிறுத்தம் நேர்ந்தது, பழுதுபார்ப்புப் பதிவேடு முறையாக எழுதப்பட்டுள்ளதா என்று கேட்பார். வரவுசெலவு அறிக்கையில் ஒற்றை வரியாக நிற்கும் பராமரிப்புச் செலவின் உண்மைப் பொருளை அந்தக் கிடங்கில்தான் காண இயலும்.

மலையின் மறைபொருள்

விரிவான திட்ட அறிக்கை எவ்வளவு தடிமனாக இருப்பினும், மலையின் உட்புறத்தை முழுமையாக எழுதிவிட முடியாது. குலு மாவட்டத்தில் 800 மெகாவாட் திறனுடன் அமைந்த பார்வதி இரண்டாம் நிலைத் திட்டம் இதற்குச் சான்று. 31 கிலோமீட்டரைக் கடந்த அதன் சுரங்கத்தைக் குடைந்து சென்ற இயந்திரம், நீரும் சேறும் பீறிட்டுப் புகுந்ததால் இடையிலே சிக்கிக்கொண்டது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பணிகள் ஆரம்பமான அத்திட்டம், 2025 ஆம் ஆண்டில்தான் முழுமையாக இயங்கத் தொடங்கியது.

மலைக்குள் இருக்கும் இடர் ஒருபுறமிருக்க, மலைக்கு மேலிருந்து வரும் இடர் அதனினும் கொடியது. 2000 ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நாளை ஒட்டிய இரவில் சட்லெஜில் பாய்ந்த திடீர் வெள்ளம், கட்டுமான நிலையிலிருந்த நாத்பா ஜாக்ரியைத் தாக்கியதோடு, நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. ஐந்தாண்டுகள் கழித்து, 2005 ஜூனில், திபெத்தில் நிலச்சரிவால் உருவாகியிருந்த பரேச்சு ஏரி உடைந்து அதே நதியில் வெள்ளம் வந்தது. பாலங்களும் சாலைகளும் அழிந்தன. ஆயினும் அந்த ஏரி உருவானது முன்னதாகவே தெரிந்திருந்ததால் கரையோர மக்கள் வெளியேற்றப்பட்டனர், பேருயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டது.

2023 அக்டோபர் 4 அன்று சிக்கிமில் தெற்கு லோனாக் பனிப்பாறை ஏரி உடைந்தபோது, சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் டீஸ்டா மூன்றாம் நிலைத் திட்டத்தின் அணை அடித்துச் செல்லப்பட்டது. பல்லாண்டு முதலீடு ஓர் இரவில் கரைந்தது. அதனினும் பெரிது, நதிக்கரையில் உறங்கியோர் இழந்த உயிர்கள். எனவே மேலேயுள்ள ஏரிகளைக் கண்காணிப்பவர் யார், எச்சரிக்கை ஒலி கிராமத்தை எட்ட எத்தனை நிமிடம் ஆகும், அணையின் மதகுகளைத் திறக்க எவ்வளவு நேரம் வேண்டும் என்பன கடன் ஆய்வின் அடிக்குறிப்புகள் அல்ல, முதன்மை வினாக்கள்.

கரையில் வாழ்வோர்

பயணத்தின்போது பேருந்து நிற்காமல் கடந்துசெல்லும் இடங்களும் உண்டு. அவை மலைச்சரிவின் சிற்றூர்கள். சுரங்கம் குடைந்தபின் ஊற்று வற்றியது, வெடியதிர்வில் வீட்டுச் சுவர் விரிந்தது, ஆப்பிள் தோட்டம் சரிந்தது என்னும் முறையீடுகள் கின்னௌர் மாவட்டத்தில் தொடர்ந்து எழுகின்றன. 2021 இல் அங்குள்ள இளைஞர்கள் புதிய திட்டங்களுக்கு எதிராக, வேண்டாம் என்றால் வேண்டாம் என்ற பொருள்பட முழக்கமிட்டு இயக்கம் நடத்தினர்.

நீர்மின் திட்டங்கள் அமையும் மாநிலத்திற்கு 12 விழுக்காடு மின்சாரம் இலவசமாக அளிக்கப்படுகிறது. 2008 ஆம் ஆண்டு நீர்மின் கொள்கை, வட்டார வளர்ச்சிக்கென மேலும் ஒரு விழுக்காட்டையும், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குப் பத்தாண்டுக் காலம் மாதம் 100 யூனிட்டையும் வழங்க வகைசெய்தது. இவை உரியவர்களைச் சென்றடைந்தனவா என்பதை அறிக்கை கூறும். ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரும் கூறுவார். இரண்டும் ஒத்திருந்தால் திட்டத்தின் அடித்தளம் உறுதியானது எனலாம். ஒத்திராவிடில், சுபன்சிரியின் எட்டாண்டுகளை நினைவுகூர்தல் நலம்.

நாற்பதாண்டுக் கண்ணோட்டம்

2019 மார்ச்சில் மத்திய அரசு, 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் திட்டங்களையும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக அறிவித்தது. கட்டணத்தைத் தொடக்க ஆண்டுகளில் குறைக்கும்பொருட்டு, திட்டத்தின் ஆயுளை 40 ஆண்டுகளாகவும் கடன் திருப்பிச் செலுத்தும் காலத்தை 18 ஆண்டுகளாகவும் கொள்ள இடமளித்தது. மின்நுகர்வோருக்கு இது நற்செய்தி. வங்கிக்கோ, சில ஆண்டுகளில் முதிரும் வைப்புத்தொகையைக் கொண்டு 18 ஆண்டுக் கடனைத் தாங்கும் பொறுப்பு. கால நீட்சி கூடக்கூட, தொடக்கத்தில் செய்யும் ஆய்வின் கூர்மையும் கூடவேண்டும்.

நீர்மின் நிறுவனங்களின் பங்குகளையோ கடன் பத்திரங்களையோ வாங்க எண்ணும் வாசகர்களுக்கும் இவ்வினாக்கள் உதவும். மெகாவாட் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், பணி குறித்த காலத்தில் நடக்கிறதா, சென்ற மழைக்காலத்தில் நிலையம் எத்தனை நாள் நின்றது, வெள்ள எச்சரிக்கைக்கும் காப்பீட்டுக்கும் என்ன ஏற்பாடு, கரையோர மக்களின் குறைகள் தீர்க்கப்பட்டனவா என்று ஆண்டறிக்கையில் தேடிப்பாருங்கள். விடை கிடைக்காத இடத்தில் அவசரம் வேண்டாம்.

நிலக்கரிப் புகையின்றி, மாலை நேரத்து மின்தேவைக்குச் சில நிமிடங்களில் கைகொடுக்கும் ஆற்றல் நீர்மின்னுக்கு உண்டு. நாட்டிற்கு அது தேவை. அதற்குக் கடனும் தேவை. அக்கடனுக்குக் கையொப்பமிடும் முன்னர் ஒருமுறை நதிக்கரைக்குச் சென்றுவரும் செலவு, திட்டச் செலவில் மிகச் சிறியது. சேமிப்பாளரின் பணத்திற்கும் மலைவாழ் மக்களின் உயிருக்கும் நாம் செலுத்த வேண்டிய முதல் தவணை அது.